கம்பளிக் கோட்டுக்கு அளவு

அறையில் இருந்தவர்கள்: உர்சுலா துரைசானி, அவள் மகள் மார்கிட், தொட்டிலில் கைக்குழந்தை, சமையல்காரி எல்லம்மா, ஆயா காந்தா. மெஷின் தொழிற்சாலைக்காக சுவிட்சர்லாந்திலிருந்து பெங்களூர் வந்த துரை வேலைக்குப் போயிருந்தார்.

மேசை முழுக்கப் போட்டோக்கள். துரைசானியின் சொந்த ஊர். மலை, மரவீடுகள், கூரை மேல் பனி. 1956 குளிர்காலத்துக்குக் குடும்பமாக அங்கே போய்ப் பனியில் சறுக்கப் போகிறார்கள். அவர்கள் சறுக்கும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காந்தா.

மார்கிட் எல்லம்மாவின் இரண்டு மணைகளில் கால்களை வைத்து, சிவப்பு சிமெண்டுத் தரையில் சறுக்கிக் காட்டினாள். விழுந்தாள். சிரித்தாள்.

காந்தாவுக்குக் கேள்வி தீரவில்லை. அங்கே துணி எப்படிக் காயும்? மாடு எதை மேயும்? பனியை வாயில் போட்டால் கரையுமா, கடிக்க வேண்டுமா? எல்லம்மா தன் பட்லர் இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள்.

"கீழ வந்தப்புறம் மறுபடி மேல எப்படிக்கா போறது?"

"மோட்டார் வச்சுக் கயிறு கட்டி இழுக்குமாம். ஏறுறது, சறுக்குறது, மறுபடி ஏறுறது. இதுக்குக் கப்பல் வேற. அல்சூர் ஏரிச் சேத்துல விட்டா நானே சறுக்குவேன்டி."

துரைசானிக்கு நிபந்தனை ஒன்றுதான். கல்யாணமானவள் வேண்டாம். புருஷன் கையெழுத்து கேட்பார்கள், அவன் வந்து தகராறு செய்வான். காந்தா கல்யாணமாகாதவள், நாதியற்றவள் என்று சொல்லி, அடுகோடியிலிருந்து கூட்டிவந்து வேலையில் சேர்த்தவள் எல்லம்மாதான்.

காந்தாவுக்குத் தைக்கப்போகும் கம்பளிக் கோட்டின் காலருக்கு அளவெடுக்கத் துரைசானி அவள் கழுத்தைச் சுற்றி டேப்பை விட்டாள். டேப்போடு ஒரு மஞ்சள் கயிறும் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வந்தது. நுனியில் தாலி.

காந்தா எல்லம்மாவைப் பார்த்தாள்.

துரைசானி ஊருக்குப் புதிது. தாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழகாக இருக்கிறதே, இது என்ன என்று எல்லம்மாவைக் கேட்டாள்.

எல்லம்மா குனிந்து மணைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். சாமி கயிறு, எங்கள் ஜனத்தில் பெண்கள் காவலுக்குக் கட்டுவது என்றாள்.

துரைசானி தலையாட்டிவிட்டுத் தோளுக்கு அளவெடுத்தாள். கோட்டு நீல நிறமா, பழுப்பா என்று காந்தாவையே கேட்கச் சொன்னாள். காந்தா நீலம் என்றாள்.

சமையலறைப் பின்கதவு தடதடத்தது. எல்லம்மா போனாள். காந்தாவும் பின்னாலேயே போனாள்.

"எம்மா! எம் பொண்டாட்டிய இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கியாமே? அனுப்பு வெளிய!"

காந்தா எல்லம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "போவாதீங்க அத்தே. உங்களையும் அடிச்சிடும்."

"அடிக்கட்டும். நான் பெத்ததுதானே. நீ சும்னே இருந்து கதவப் பூட்டு."

எல்லம்மா வெளியே போனாள்.

காந்தா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பூட்டையும் மாட்டித் திருகினாள்.