மிளா வந்த வழி

கணுக்காலில் கட்டிய துணி தரையைத் தடவிக்கொண்டே வந்தது.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. பெட்டை மிளா மானின் மூத்திரம். வனவிலங்கு மீட்பு மையத்திலிருந்து டாக்டரம்மா நேற்றுதான் ஒரு புட்டியில் பிடித்து வந்திருந்தாள். பருவத்துக்கு வந்த பெட்டையாம்.

ஓடைக்கரையிலிருந்து நாவல் மரம் வரை அவன் அதை இழுத்தான். மரத்துக்குப் பின்னால் அவள் மயக்க ஊசித் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

துணியை அவிழ்த்து ஒரு புதரில் கட்டினான். மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துக் காற்றில் விட்டான். அது ஓடைப் பக்கமிருந்து அவன் முகத்துக்கே வந்தது.

நல்லது. மனித வாடை அந்தப் பக்கம் போகாது.

அவளருகே போய் உட்கார்ந்தான். இன்னும் சரியாக விடியவில்லை.

வரவேண்டிய மிளாவின் கழுத்தில் ஒரு கம்பி இருந்தது. பைக்கின் கிளட்ச் வயர். காட்டில் வைத்த கேமராவில்தான் முதலில் பார்த்தார்கள். மார்கழி பிறந்தால் ஆண் மிளாவுக்குக் கழுத்து வீங்கும். பெட்டையைத் தேடும் காலம். வீங்க வீங்கக் கம்பி உள்ளே இறங்கியது.

மற்ற ஆண்களெல்லாம் மலை அதிரக் கூப்பிடுகின்றன. இது கேமரா முன்னால் வாயைத் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

நாலு நாள் தாங்கினால் பெரிது என்றாள் டாக்டரம்மா.

ஆசைதான் அதைக் கொல்லப் பார்க்கிறது. அந்த ஆசையைக் காட்டித்தான் அதைக் கூப்பிடவும் வேண்டியிருக்கிறது. படைத்தவனுக்கு இப்படியெல்லாம் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

தடம் போடுகிறேன் என்று அவனாகத்தான் முன்வந்தான். வேட்டைத் தடுப்புக் காவலர். காக்கிச் சட்டை போட்டு எட்டு மாதம் ஆகிறது.

அதற்கு முன்னால் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். வேலையோடு நின்றால் பரவாயில்லை. ஜெயில்.

பன்றிக்கென்று பதினொரு கண்ணி வைத்திருந்தான். வேலை கிடைத்த அன்று சாயங்காலமே ஓடிப்போய்ப் பத்தை அவிழ்த்துவிட்டான்.

பதினோராவது இல்லை. முளையோடு பிடுங்கிக்கொண்டு எதுவோ போயிருந்தது.

பன்றிதான் என்று எட்டு மாதமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

ஓடையில் ஒரு கல் உருண்டது.

வந்துவிட்டது.

மாட்டின் உயரம். மழையில் நனைந்த அடிமரத்தின் நிறம். கொம்புகள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தன. மூக்கு மட்டும் தரையை விட்டு எழவில்லை. அவன் கால் வைத்த இடத்திலெல்லாம் அது மூக்கை வைத்தது. அவன் பாறையைச் சுற்றிய இடத்தில் அதுவும் சுற்றியது.

கண்ணி வைக்கிறவன் மிருகம் வருவதைப் பார்ப்பதில்லை. விடிந்தபின் போய், மாட்டிக் கிடப்பதைத்தான் பார்ப்பான்.

எத்தனையோ மிளாவைப் பார்த்தவன்தான். ஒன்றுகூட இப்படி அவனை நம்பி நடந்து வந்ததில்லை.

அது நின்றது. தலையை வானத்துக்குத் தூக்கியது. மேலுதடு சுருண்டது. கண்கள் பாதி மூடின. ஒரு சொட்டு வாசத்துக்காக உலகத்தையே மறந்துபோய் நின்றது.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது. கை எழவில்லை.

தூக்கிய கழுத்தில் கம்பி மின்னியது.

டப்.

ஊசி தொடையில் நின்றது. நாலு பாய்ச்சல். பிறகு முன்னங்கால்கள் மடிந்தன.

ஓடிப்போய்த் தன் துண்டால் அதன் கண்ணைக் கட்டினான். தலையை மடியில் தாங்கினான். மூச்சு விசில் மாதிரி இழுத்தது.

வெட்டுக் குறடு உள்ளே நுழையவில்லை. கம்பி அவ்வளவு ஆழத்தில் இருந்தது. பிடரி மயிருக்குள் முறுக்கின் நுனி மட்டும் தட்டுப்பட்டது. டாக்டரம்மா அதைக் குறட்டால் பிடித்துத் திருகினாள். கம்பி இன்னும் இறுகியது. விசில் நின்றது.

இன்னொரு முறை திருகினாள்.

மூச்சு வரவில்லை.

அவன் விரல் மயிருக்குள் போனது. முறுக்கைத் தடவியது. பார்க்க வேண்டியதே இல்லை.

ஊரில் எல்லாரும் கண்ணிக் கம்பியை ஒரு பக்கமாகத்தான் முறுக்குவார்கள். அவன் பீச்சாங்கைக்காரன். அவன் முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும்.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், அவன் பயம் உட்பட.

குறட்டை அவள் கையிலிருந்து வாங்கினான். இடது கையால் பிடித்தான். மாற்றித் திருகினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சதையிலிருந்து கம்பி உருவிக்கொண்டு வந்தது. அந்தப் பெரிய மார்பு காற்றை உள்ளே இழுத்து எழும்பியது. அவன் மடியும் கூடவே எழும்பியது.

டாக்டரம்மா புண்ணுக்கு மருந்து போட்டாள். மயக்கத்தை முறிக்கும் ஊசியையும் போட்டாள். துண்டை உருவிக்கொண்டு இருவரும் மரத்துக்குப் பின்னால் வந்தார்கள்.

அவள் கம்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் இடது கையைப் பார்த்தாள்.

"மாத்தித் திருகணும்னு ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சுது?"

மிளா எழுந்தது. தள்ளாடியது. நின்றது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது.

குரல் வந்தது.

மலை அதைத் திருப்பிச் சொன்னது. நாவல் மரத்து இலையெல்லாம் நடுங்கியதாக அவனுக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய குரலையா ஒரு கம்பிக்குள் முடிந்து வைத்திருந்தோம் என்று நினைத்தான். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

தூரத்து மேட்டிலிருந்து ஏதோ ஒரு பெட்டை பதில் சொன்னது. மிளா அந்தப் பக்கம் நடந்தது. புதரில் கட்டிய துணியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு கம்பிக்காகக் கையை நீட்டினான்.

"பதினொண்ணாவதும்மா" என்றான்.