மிச்சம் நாலு பாகம்

“சைஸைக் குறைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தம்பி?”

மேகலா போட்ட சத்தத்தில், வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் அப்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டுவார் என்றல்லவா நினைத்திருந்தான்!

மேகலாவின் கணவர் இராஜாங்கம், நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. அவர் தலைப்பைச் சொல்லிக் கேட்ட ஒரு நாவலை யாரோ வாசித்துப் பதிவு செய்திருந்தார்கள். அந்த அறுபது பாகங்களையும் அப்சர்தான் நெட்டில் தேடி இறக்கினான்.

அவர் கதை கேட்பது உள்ளங்கை அகல பிளேயரில்; ஒரு ஜிபிதான் கொள்ளும். மேகலா வெள்ளிக்கிழமைதோறும் வந்து, “பெரிய சைஸ்லயே போடு” என்பார். அப்படிப் போட்டால் ஒரு பாகமே நானூறு எம்பி. இரண்டு பாகத்தோடு பிளேயர் நிரம்பிவிடும்.

“மோனோவா மாத்தி ஃபைலை அமுக்கினா பத்து எம்பிதான்க்கா. மொத்தக் கதையும் அடங்கிடும்” என்று அப்சர் ஏழு மாதமாகத் தலைகீழாக நின்று பார்த்தான். அவர் மசியவில்லை.

இன்று காலையும் பிளேயரைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போனார். கையில் அதே ஒயர் கூடை. அதில் தென்னைக்கு அடிக்கும் பூச்சிமருந்து பாட்டில். வாராவாரம் ஊரிலிருந்து வந்து, சொட்டுக் குறையாமல் திரும்பிப் போகும் பாட்டில்.

“மருந்தைத் தென்னைக்கு அடிக்கிறீங்களா, ஊர் சுத்திக் காட்டுறீங்களாக்கா?” என்று அப்சர் கேலிகூடச் செய்திருக்கிறான்.

மிச்சம் நாலு பாகம். ஆர்வக்கோளாறில், நாலையும் அமுக்கி ஒரேயடியாக ஏற்றிவிட்டான். அதற்குத்தான் இந்தச் சத்தம்.

“குரல் ஒண்ணும் கெடலக்கா. நானே கேட்டுப் பார்த்தேன்.”

“பிளேயர் இன்னும் இங்கதானே இருக்கு?”

“உங்க பக்கத்து வீட்டு இளையபெருமாள் அண்ணன் பத்து மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. சார் தனியா இருப்பாருன்னு நீங்கதானே அனுப்பினீங்க?”

கடிகாரத்தில் மணி இரண்டு. மேகலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கூடை சரிந்து பாட்டில் உருண்டது.

“இப்ப என்னக்கா ஆயிடுச்சு? முடிஞ்சா வேற கதை ஏத்திக்கலாம்.”

“கண்ணு போனதும் சாப்பாட்டை நிறுத்திட்டாரு தம்பி. கால்ல விழுந்து கெஞ்சினேன். ‘இந்த ஒரு கதை, இதோட முடிவு தெரியற வரைக்கும் உயிரோட இருக்கேன். அப்புறம் என்னைத் தடுக்காதே’ன்னாரு. அதான் வாரத்துக்கு ரெண்டு ரெண்டா இழுத்துக்கிட்டு வந்தேன். இன்னும் ஒரு வாரம் இருக்குன்னு நெனச்சேனே!”

அப்சர் உருண்ட பாட்டிலைக் குனிந்து எடுத்தான். பாட்டில் ஏன் வீட்டில் தங்குவதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் அவனுக்கே ஆத்திரமாக வந்தது.

அவசரமாகத் தன் போனிலேயே அவர்கள் வீட்டு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். மேகலா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

“யாரு?” இராஜாங்கத்தின் குரல்தான்.

“நான்தாங்க... கதை...”

“முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு. பசிக்குது மேகலா, எப்ப வருவே?”

மேகலா போனருகே குனிந்தார். “முடிவு தெரியற வரைக்கும்தான்னு சொன்னீங்களே...”

இராஜாங்கம் மெல்லச் சிரித்தார்.

“முடிவு எனக்குத் தெரியாதா? கண்ணு இருந்தப்பவே மூணு தடவை படிச்ச புத்தகமாச்சே!”