கட்டிலுக்குக் கீழே

மூதூரிலிருந்து மனைவி பஸ்மியாவைக் கூட்டிவந்து, மனநல டொக்டரின் முன்னால் கதிரையில் இருத்திவிட்டு, பக்கீர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“சண்டைக் காலத்துல செல் குண்டு விழுந்த பயம் இவக்கு இன்னும் போகல்ல, டொக்டர். தெருவுல பட்டாசு வெடிச்சாலும் கட்டிலுக்குக் கீழ பூந்திருவா. என்ட மானம் போகுது.”

டொக்டர் பஸ்மியாவிடம் திரும்பினார். “கீழ போய் என்ன செய்வீங்க?”

“இவர்ட கையப் புடிச்சிக்கிட்டு இருப்பன், டொக்டர். எப்பவும் இவர்தான் முதல்ல பூருவார். மனிசன தனிய விட ஏலுமா?”

பக்கீர் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைக் கவனமாக ஆராய்ந்தார்.

டொக்டர் சிரிக்காமல் கிளினிக் கொப்பியை எடுத்தார். “அப்ப யார்ட பேர எழுத?”

“என்ட பேரையே எழுதுங்க,” என்றார் பக்கீர், குரலைத் தாழ்த்தி. “ஆனா ஒவ்வொரு முறையும் இவவும் வரணும் எண்டு கட்டாயம் போடுங்க.”