புது ஹோஸ், பழைய தூசி

"புது ஹோஸ் போடு. ஆனா பாத்தா பழசு மாதிரியே தெரியணும். முடியுமா?"

அஃப்ரித் ஸ்பேனரைக் கீழே வைத்தான். தண்டையார்பேட்டையில் அவன் ஷெட்டுக்கு வருகிறவர்கள் பழசைப் புதுசாகக் காட்டச் சொல்வார்கள். விற்கப்போகும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இப்படித் தலைகீழாகக் கேட்டவர், வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் லோகநாதன் ஒருவர்தான்.

"இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால காமெடி பண்றியா?"

"காமெடி இல்ல நைனா. வேனை வித்துட்டேன். நாளைக்குக் கை மாறுது."

அஃப்ரித் வேனின் முன் சீட்டைத் தூக்கினான். இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் வெயிலில் காய்ந்த மாதிரி விறைத்திருந்தது; இரண்டு விரலால் அழுத்தினான். அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது.

"எல்லா ஹோஸும் இப்படித்தான் கீது. எண்ணூர் தாண்டறதுக்குள்ள தண்ணி மொத்தமும் ஊத்தி இன்ஜின் ஜாமாயிடும். யாரு வாங்கறது?"

"நம்ம செல்வம்தான். திருவொத்தியூர் குப்பம்."

அஃப்ரித்துக்குச் செல்வத்தைத் தெரியும். லோகநாதனின் பால்ய சிநேகிதர். முதுகில் அடிபட்டதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. படகில் இருந்த பங்கை விற்றுத்தான் இந்த வேனை வாங்குகிறார். மனைவி கன்னியம்மாவின் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு அத்திப்பட்டு வரை போய் விற்கப்போகிறார்கள். வண்டி வழியில் நின்றால் மீனும் போச்சு, பிழைப்பும் போச்சு.

"புது ஹோஸ் போட்டேன்னு சொன்னா அவரு சந்தோசப்படுவாரே. அத ஏன் மறைக்கணும்?"

"காரணம் கேக்காத. உன் காதுல உழுந்த சேதி மார்க்கெட் பூரா சுத்திட்டுத்தான் வூட்டுக்கு வரும்."

அஃப்ரித்துக்குச் சுருக்கென்றது. பழைய வண்டியில் ஹோஸ் மட்டும் புதுசாக இருந்தால், 'இன்ஜின் சூடேறி அடிவாங்கின வண்டியா?' என்றுதான் வாங்குகிறவன் முதலில் கேட்பான். அதற்குப் பயந்துதான் மறைக்கிறார்.

'சீக்கு வண்டிய தோஸ்து தலையிலேயே கட்டறாரே!'

ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்தான். புது ஹோஸ்களை மாட்டி, கிளாம்பை இறுக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டான்.

"இப்போ பழசாக்கு. ஆயில் தடவிப் பாரேன்," என்றார் லோகநாதன்.

"ஆயில் பளபளன்னு காட்டிக் குடுத்துடும். நம்ம ஏரியால அழுக்குக்கா பஞ்சம்?"

ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த கரித்தூசியை ஈரத்துணியால் வழித்து, ஹோஸ் முழுக்கத் தேய்த்தான் அஃப்ரித்.

"போதுமா? நல்லா கலீஜா கீதா?" குரலில் கசப்பு இருந்தது.

அப்போது வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செல்வம் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே கன்னியம்மா.

"லோகு! வண்டி ஷெட்டுல கீதுன்னு சொன்னாங்க. இங்க இன்னா பண்ற?"

லோகநாதனின் முகம் வெளுத்தது. "ஒண்ணுமில்லடா... சும்மா தொடைக்கலாம்னு வந்தேன்."

திருட்டு முழி. அஃப்ரித் முடிவு செய்துவிட்டான். சொல்லிவிட வேண்டியதுதான்.

செல்வம் சீட்டைத் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே குனிந்தார்.

"அண்ணே, ஒரு விசயம்..." அஃப்ரித் வாயைத் திறந்தான்.

"இரு தம்பி, நானே கேக்கறேன். இவன் இதுல புதுசா எதுனா போட்டுகிறானா?"

"போட்டிருந்தா?"

"வண்டியே வேணாம்! ஏற்கனவே வெலையக் கொறச்சிட்டான். அதுக்கு மேல என் முதுகப் பாத்துப் பரிதாபப்பட்டு ஒரு போல்ட்டு மாத்தினாலும் எடுக்க மாட்டேன். வெல பேசறப்பவே இவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

"சொன்னா செய்வாரு தம்பி," என்றாள் கன்னியம்மா. "அப்புறம் நான்தான் கூடையத் தலையில தூக்கிகினு பஸ்ஸு பஸ்ஸா ஏறணும்."

அஃப்ரித் லோகநாதனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச் வெளிச்சம் ஹோஸின் மேல் மெல்ல ஊர்ந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், துணி படாத ஓர் இடத்தில், கம்பெனிப் பெயர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று அஃப்ரித்தின் கண்ணில் பட்டது.

வெளிச்சம் அங்கே போவதற்குள் அஃப்ரித்தின் கை உள்ளே போனது. ஹோஸை ஆட்டிப் பார்ப்பவன் போல, கரி படிந்த கட்டைவிரலை எழுத்தின் மேல் வைத்து அழுத்தி ஒரு தேய் தேய்த்தான்.

"புதுசா? இவரா?" என்று சிரித்தான். "எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுசன்ணே இவரு! ஒரு வாஷரு மாத்தக்கூட மனசு வரல."

செல்வம் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு சீட்டை இறக்கினார்.

தன்னைக் கஞ்சன் என்று ஒருவன் சொல்லக் கேட்டு, லோகநாதன் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டது அன்றைக்குத்தான்.