பானெட்டைத் திறக்காதீங்க

“எறும்பு ஏறிப் போன தடம்கூட அப்பா கண்ணுக்குத் தெரியும். இது தெரியாமலா போயிடும்?” என்றாள் சின்ன மாப்பிள்ளையின் மனைவி.

காரின் வலப்பக்கக் கண்ணாடி, ஒயரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூண்தான் நகர்ந்து வந்து இடித்துவிட்டது என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலைமையும் இல்லை. கார் மாமனாருடையது. முழங்கால் வலி வந்தபிறகு, அதை இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்துவிட அவர் முடிவு செய்திருந்தார்.

“ஒரு வாரம் ஓட்டுங்க மாப்பிள்ளை. குறையில்லாமக் கொண்டுவந்தா வண்டி உங்களுக்கு. இல்லேன்னா பெரிய மாப்பிள்ளைக்கு” என்று சாவியை நீட்டியவர், கூடவே சொல்லியிருந்தார்: “ஷோரூம் பார்ட்ஸ் தவிர வேற எதுவும் இதுல ஏறினதில்லை. பழைய சாமான் போட்டா வண்டியும் பழைய சாமான்தான். அப்புறம், பானெட்டை மட்டும் திறக்காதீங்க. அதுல கம்பெனி ஆளுங்கதான் கை வைக்கணும்.”

அந்த வாரம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

மாப்பிள்ளை ஷோரூமுக்குப் போன் போட்டார். “கண்ணாடி மட்டும் தனியா வராது சார், மொத்த செட்டாத்தான் வாங்கணும். ஆர்டர் போட்டாப் பத்து நாள் ஆகும்” என்றது ஒரு குரல். விலையையும் சொன்னது. வாத்தியார் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு, ஒரு மாதச் சம்பளம் கண்முன்னே வந்து கையசைத்துவிட்டுப் போனது.

அரை மணி நேரத்தில், பழைய உதிரிபாகக் கடையில் நின்றார். கார் கதவுகள் நூலகத்துப் புத்தகங்கள் மாதிரி அடுக்கியிருந்தன. உத்தரத்தில் கொத்துக் கொத்தாகக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் அவருடைய கவலை முகம் தெரிந்தது.

கடைக்காரர் உடைந்த கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்து அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வண்டி யாரோடது சார்?”

“என் மாமனாரோடது. பழைய பார்ட்டுன்னாலே அவருக்கு ஆகாது.”

“அப்படியா” என்ற கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, உத்தரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி எடுத்தார்.

“இது சிவப்பு. நம்ம வண்டி வெள்ளையாச்சே?” என்றார் மாப்பிள்ளை.

“கலரைப் பாக்காதீங்க, பிளாஸ்டிக்ல அச்சடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க. நம்பர் ஒத்துப்போனா ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளை. கலருங்கிறது மேல்மூடி மட்டும்தான். க்ளிப்பை அமுக்கினாக் கழண்டுடும். உங்க மூடி உடையலையே, அதை இதுல மாட்டிக்கலாம்.”

சொன்னபடியே மாட்டினார். பிறகு ஒயர்களை ஒரு பேட்டரியில் தொட்டுத் தொட்டு எடுத்தார். கண்ணாடி மேலே பார்த்தது, கீழே பார்த்தது, பிறகு மாட்டேன் என்பதுபோல இடமும் வலமும் தலையாட்டியது.

மாப்பிள்ளைக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். “உள்ளே ரெண்டு மோட்டாரா? அப்ப நாலு ஒயர் வேணுமே, மூணுதான் இருக்கு?”

“ஒரு ஒயர் ரெண்டுக்கும் பொது. கூட்டுக் குடும்பம் சார்.”

வந்த வேலை மறந்து, மாப்பிள்ளை தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஷோரூம் சொன்னதில் பத்தில் ஒரு பங்குக்குப் பேரம் முடிந்தது. கடைக்காரர் ஒரு பெயிண்ட் டப்பாவைத் திறந்து, கண்ணாடியின் தண்டுக்கு அடியில் விரலால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்தார்.

“ஐயையோ, இது எதுக்கு?”

“நல்லதை வாங்கிட்டுப் போய், வீட்டுல கிடக்கிற உடைஞ்சதைக் கொண்டுவந்து ‘வேலை செய்யலை’ன்னு நீட்டுறாங்க சார். பொட்டு இருந்தாத்தான் நம்ம சரக்கு, அப்பத்தான் மாத்திக் கொடுப்பேன். அழிச்சுடாதீங்க. அடியிலதானே இருக்கு, யாரு குனிஞ்சு பாக்கப் போறா?”

சாயங்காலம் மாமனார் வீட்டு வாசலில் கார் பளபளவென்று நின்றது. மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கைகளைப் பின்னால் கட்டியபடி வண்டியைச் சுற்றி வந்தார். டயர், கதவு, பின்விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு “ம்”. மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு “ம்”முக்கும் ஒரு கிலோ எடை குறைந்தது.

வலப்பக்கக் கண்ணாடிக்கு வந்ததும் மாமனார் நின்றார். அவர் குனியவில்லை. கை மட்டும் நேராகத் தண்டுக்கு அடியில் போனது. வெளியே வந்தபோது விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

வண்டி போச்சு என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

“எவ்வளவு கொடுத்தீங்க?” மாமனாரின் குரல் தணிந்திருந்தது.

மாப்பிள்ளை சொன்னார்.

மாமனார் வாசற்படியை ஒருமுறை பார்த்தார். மாமியார் காப்பி போட உள்ளே போய்விட்டிருந்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கினார்.

பேட்டரி தாங்கி, ரேடியேட்டர், மின்விசிறி, ஹார்ன், வைப்பர் மோட்டார் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றின் ஓரத்திலும், காய்ந்துபோன ஒரு மஞ்சள் பொட்டு.

“என் பேரைச் சொல்லியிருந்தாப் பாதி விலைக்குக் கொடுத்திருப்பானே மாப்பிள்ளை” என்று கிசுகிசுத்த மாமனார், பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார். “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பெரிய மாப்பிள்ளை கையில கொடுத்தா, மனுஷன் நேரா ஷோரூமுக்கு ஓட்டிட்டுப் போயிடுவார்.”