இருபத்திரண்டு டிகிரி

"ஜன்னல் பக்கத்துல வேண்டாம்ல, செல்வசிங். காத்து பட்டா அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். உள்சுவத்துல, நெஞ்சு உயரத்துக்கு வை" என்றான் பத்திநாதன்.

"எனக்கேவா அண்ணே பாடம்? மேனேஜர் பங்களாவுல இதே மிஷினை மாட்டுனது யாரு?"

பத்திநாதன் சிமென்ட் ஃபாக்டரியில் ஃபிட்டர். செல்வசிங் அங்கேயே எலெக்ட்ரீஷியன். அரபு நாட்டு ராஸ் அல் கைமாவில் ஜனவரி மாதத்து மலைக்காற்று எலும்பு வரைக்கும் வந்து நலம் விசாரிக்கும். வெள்ளிக்கிழமை, டூட்டி இல்லை. இன்றைக்கு விட்டால் இந்த வேலைக்கு நேரம் கிடைக்காது.

"புஷ்பம், கேட்டுக்கோ. தெர்மோஸ்டாட்னு இதுக்குப் பேரு. ரூம்ல குளிரு ஏறுனா ஹீட்டரை அதுவே போடும். சூடு போதும்னா அதுவே அணைச்சிரும். நாம எந்திரிக்கவே வேண்டாம்."

புஷ்பம் பதில் சொல்லவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. போன மாதம் அவன் இருமியதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. இன்னொரு தடவை அப்படி இருமினால் வேலையாவது வெங்காயமாவது, மறுநாளே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கிளம்பினால் கஃபீல் என்கிற அரபி முதலாளி இன்னொரு விசா தரமாட்டான். சின்ன மகளின் படிப்பும், சுவர் மட்டும் எழும்பி நிற்கும் வீடும் அப்படியே நின்றுபோகும்.

"கடையில ரெண்டு தினுசு காட்டுனான், மதினி" என்று செல்வசிங் தன் பங்குக்கு ஆரம்பித்தான். "ஒண்ணு வெறும் திருகு வச்சது. இன்னொண்ணு கடிகாரம் வச்சது. அண்ணன் திருகே போதும்னு நின்னாவ. நான் விடலையே. தூங்குற மனுசன் எந்திரிச்சுத் திருகுவானா? கடிகாரம் வச்சதுன்னா எப்போ எவ்வளவு சூடுன்னு ஒரு தடவை சொல்லிட்டாப் போதும். தினமும் அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும்."

"நான் கஞ்சன்னு போட்டுக் குடுக்கியோ?"

"மதினிக்குத் தெரியாத விசயமாக்கும்."

பத்திநாதன் சிரித்தான். சிரிப்பு முடியும் இடத்தில் தொண்டைக்குள் ஏதோ கிளறியது. துண்டைச் சுருட்டி வாயில் அமுக்கினான். கண்ணில் நீர் முட்டியது.

செல்வசிங் கவனித்துவிட்டான். "ட்ரில் போடப் போறோம், காதைப் பொத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கையைக் காட்டினான். கர்ரென்று சத்தம் எழுந்தது. அது ஓய்வதற்குள் பத்திநாதனின் தொண்டையும் ஒருவழியாக அடங்கியது.

அவன் கண்களை மூடிக்கொண்டான். இளம்பச்சைச் சுவர். பூப்போட்ட திரை. கட்டிலை விட்டு இறங்கும் காலுக்கு மெத்தென்று ஒரு விரிப்பு. மூலையில் ஹீட்டர், சாம்பலுக்குள் கண் விழித்திருக்கும் தணல்போல. ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. இந்த அறைக்கு வருகிற குளிர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

"அண்ணே, தூங்கிட்டியளா? பகலுக்கு எவ்வளவு வைக்க?"

"பகல்ல வெயில் இருக்குல்லா, அணைஞ்சே கிடக்கட்டும். சாயங்காலம் நான் டூட்டி முடிஞ்சு கதவைத் திறக்கும்போது இருபத்திரண்டு டிகிரி இருக்கணும்."

"ராத்திரிக்கு?"

"படுத்த பிறகு பதினெட்டுக்கு இறக்கு. ரொம்பச் சூடுன்னா தொண்டை காஞ்சிரும். விடியக்காலம் மறுபடி ஏத்து, அப்பத்தான் மலைக்காத்து இறங்கும்." குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. "புஷ்பம், இருபத்திரண்டுன்னா எப்படித் தெரியுமா? கிறிஸ்மஸ் பூசை முடிஞ்சு பனியில நடந்து வரும்போது உன் சேலைத் தலைப்புக்குள்ள கையை வைப்பேனே, அப்போ ஒரு சூடு இருக்கும்லா. அவ்வளவுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அண்ணே, நானும் இங்கதான் இருக்கேன்."

"நீ உன் வேலையைப் பாருல."

"வேலை முடிஞ்சாச்சு. மதினி, இப்போ நல்லாக் கேளுங்க."

டக்.

சின்னச் சத்தம்தான். ஆனாலும் பத்திநாதனின் பாதத்தில் தொடங்கி முழங்கால் வரை இதமாக ஏதோ ஏறியது.

"கேட்டுச்சா புஷ்பம்? அதான். ஹீட்டர் பத்திக்கிச்சு. இனிமே இருமல் எங்கிருந்து வரும்? நீயே சொல்லு, இவ்வளவு நேரமாப் பேசுதேனே, ஒரு தடவை இருமுனேனா? ஊருக்குக் கிளம்புற பேச்சை இதோட விட்டுரு. நிம்மதியாத் தூங்கு தாயி."

பத்திநாதன் துண்டை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான். போதும் என்று செல்வசிங்கைப் பார்த்து விரலை ஆட்டினான்.

செல்வசிங் டேப் ரெக்கார்டரை நிறுத்தி, நாளை லீவில் போகிறவனிடம் ஊரில், மணப்பாட்டில் இருக்கும் புஷ்பத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய கேசட்டை வெளியே எடுத்த பிறகுதான், பத்திநாதன் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு, கேம்பின் தகரச் சுவர் அதிர அதிர இருமித் தீர்த்தான். மேல் கட்டிலில் இருந்த சதக்கத்துல்லா, அதுவரை கர்ரென்றும் டக்கென்றும் சத்தம் போட்ட எலெக்ட்ரிக் ஷேவரையும் பிஸ்கட் டின் மூடியையும் கீழே வைத்துவிட்டுத் தன் கேசட்டை நீட்டினான்: "அடுத்தது எங்க வீட்டுக்கு மாட்டுங்கப்பா, மாடி இருக்குன்னு போன தடவையே அவகிட்ட சொல்லிட்டேன், மறந்துராதீங்க."