உள்பக்கம்

கணவரை இழந்த பெண்கள் வாரந்தோறும் கூடிப் பேசும் அறை அது. அன்று ஆளுக்கொரு காகித முகமூடி கொடுத்தார் ஆலோசகர்.

"ஊர் பார்க்கிற முகத்தை வெளியே வரையுங்க. மனசுல இருக்கறதை உள்பக்கம் வரையுங்க."

தையல்காரம்மாவின் முகமூடியை அவர் வாங்கிப் பார்த்தார். வெளியே கண்ணீர் வழிந்தது. உள்ளே வாய்கொள்ளாச் சிரிப்பு.

"மாத்தி வரைஞ்சுட்டீங்களேம்மா. அழுகைதான் உள்ளே வரணும்."

"சரியாத்தான் வரைஞ்சிருக்கேன்."

"துக்கத்தை அடக்காதீங்க. வாய்விட்டு அழுதுடுங்க."

தையல்காரம்மா மேஜையில் ஓங்கி அடித்தார்.

"அழு, அழுன்னு ஏன் என் உயிரை எடுக்கறீங்க? அந்த ஆள் பொழுது விடிஞ்சா என்னை அடிச்சான். இஸ்திரிப் பெட்டியால சுட்டான். ஒரு நாய்கூட ஏன்னு கேக்கல. செத்ததும் வரிசையா வந்து 'தங்கமான மனுஷன்'னு சொல்றாங்க. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுது தொலைச்சேன். இப்பதான் நிம்மதியா தூங்கறேன். இங்கேயும் நடிக்கணுமா?"

ஆலோசகர் முகமூடியை அவரிடமே நீட்டினார்.

பக்கத்தில் இருந்த டீச்சர், கணவர் பேச்சை எடுத்தாலே தேம்பித் தேம்பி அழுகிறவர். அவர் தன் முகமூடியைத் திருப்பி, உள்ளே வரைந்திருந்த கண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, அந்த பிரஷ்ஷைக் குடுங்க," என்றார். "நானும் பொய்தான் வரைஞ்சிருக்கேன்."